இருப்புப் பாதை யார் வீட்டின் மேல் போகிறது?

இலண்டன் மாநகரில் யூஸ்டன் என்றொரு இரயில் நிலையம் உண்டு. பர்மிங்ஹாம் நகரத்துக்கு இருப்புப் பாதை போடப்பட்டபோது அதன் இலண்டன் முனையாக 1837ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கிருந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தால் செயின்ட் பாங்கிராஸ் நிலையம் வரும். 1860களில் அந்த நிலையத்துக்கும் அதன் சரக்குக் கூடங்களுக்கும் இடம் வேண்டி, ஆகார் டவுன் என்ற ஏழைகள் குடியிருப்பின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினார்கள். அங்கு இருந்தவர்கள் வார வாடகைக்காரர்கள். நிலம் அவர்களுடையதன்று. ஆகவே இழப்பீட்டுப் பணம் நிலத்துக்கு உரியவரிடம் போயிற்று. குடியிருந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவின் நெரிசலுக்குள் போனார்கள்.

இதைப் பார்த்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சும்மா இருந்துவிடவில்லை. 1853ஆம் ஆண்டிலேயே ஒரு நிலை ஆணை பிறப்பிக்கப்பட்டிருந்தது. புதிய பாதைக்கு அனுமதி கேட்கும் கம்பெனி, உழைப்பாளர்களின் வீடுகள் எத்தனை இடிபடும், அவற்றில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து முன்கூட்டியே தாக்கல் செய்ய வேண்டும் என்பது அந்த ஆணை. பிற்காலத்தில் வரலாற்றாசிரியர் எச். ஜே. டயோஸ் அந்தக் கணக்குகளைத் தூசி தட்டி எடுத்துக் கூட்டிப் பார்த்தார். 1853 முதல் 1901 வரை இலண்டனில் மட்டும் சுமார் 76,000 பேர் இருப்புப் பாதைகளுக்காக வெளியேற்றப்பட்டதாக அவை காட்டின. உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகமாகவே இருந்திருக்கும். ஏனென்றால் கணக்கெடுத்தவர்கள் கம்பெனிக்காரர்கள்; குறைத்துக் காட்டுவதில்தான் அவர்களுக்கு இலாபம்.

கணக்கெடுக்கச் சொன்ன அந்த ஆணை, குடிபெயர்ந்தவர்களை என்ன செய்வது என்பது பற்றி முதலில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் “இந்தப் பாதையால் யாருக்கு இடையூறு?” என்ற கேள்வியை அது காகிதத்தில் ஏற்றிவிட்டது. இன்று ‘சமத்துவத் தாக்க மதிப்பீடு’ என்று ஒரு பெரிய துறையாகவே வளர்ந்திருப்பது அதே கேள்விதான். அது எப்படிச் செய்யப்படுகிறது, எங்கே கை கொடுக்கிறது, எங்கே கை விடுகிறது என்பதை அதே யூஸ்டன் நிலையத்தை வைத்தே பார்க்கலாம்.

கூட்டிக் கழித்தால் போதாதா?

பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்குமுன் பொருளியலறிஞர்கள் செலவு-பயன் கணக்குப் போடுவார்கள். 1963ஆம் ஆண்டில் ஃபாஸ்டர், பீஸ்லி என்ற இருவர் இலண்டனின் விக்டோரியா சுரங்க இரயிலுக்குப் போட்ட கணக்கு இத்துறையில் பேர்பெற்றது. டிக்கெட் வருமானத்தை மட்டும் பார்த்தால் நட்டமாகத் தெரிந்த அந்தப் பாதை, பயணிகளுக்கு மிச்சமாகும் நேரத்தையும், சாலையில் குறையும் நெரிசலையும் பணமாக மாற்றிச் சேர்த்தபோது இலாபமாகத் தெரிந்தது.

அருமையான கருவிதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. எல்லாருடைய பயனையும் ஒரே உண்டியலில் போட்டு, எல்லாருடைய நட்டத்தையும் ஒரே உண்டியலில் போட்டு, இரண்டையும் எடை பார்க்கிறது அது. ஓர் உண்டியலில் போட்டவரும் மற்றதில் போட்டவரும் ஒருவரேயா, வேறு வேறு ஆட்களா என்று அது கேட்பதில்லை. பத்து இலட்சம் பேருக்கு ஆளுக்கு இருபது நிமிடம் மிச்சம். முந்நூறு குடும்பங்களுக்கு வீடு இல்லை. கூட்டினால் திட்டம் இலாபந்தான். அந்த முந்நூறு குடும்பங்களும் இரயிலில் ஏறப்போவதே இல்லை என்றால்? இங்கிலாந்தில் வசதி மிகுந்த குடும்பங்கள்தாம் இரயிலில் அதிக தூரம் பயணம் செய்கின்றன என்பதை அந்நாட்டுப் பயணக் கணக்கெடுப்புகள் ஆண்டுதோறும் காட்டி வருகின்றன. ஆகவே இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று.

சட்டம் பிறந்த கதை

1993இல் இலண்டனில் ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் இனவெறியர்களால் கொல்லப்பட்டார். போலீஸ் புலனாய்வு சொதப்பியது. அதுபற்றி விசாரித்த மாக்ஃபர்சன் அறிக்கை 1999இல் வெளிவந்தது. தனி அதிகாரியின் தீய எண்ணம் இல்லாமலேயே ஒரு நிறுவனத்தின் அன்றாட நடைமுறை சிலருக்குப் பாதகமாக அமைந்துவிடக்கூடும் என்பது அதன் சாரம். அடி பட்ட பிறகு வழக்குப் போடுவதைவிட, செய்யுமுன்பே யோசிக்கச் செய்வது நல்லது என்ற எண்ணம் இதிலிருந்து வலுப்பெற்றது. முதலில் இனம் பற்றியும், 2006இல் உடல் ஊனம் பற்றியும், 2007இல் ஆண்-பெண் வேறுபாடு பற்றியும் அரசு அமைப்புகளுக்குக் கடமைகள் விதிக்கப்பட்டன. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இவற்றையெல்லாம் 149ஆம் பிரிவில் ஒன்றாக்கியது.

அச்சட்டம் காக்கும் தன்மைகள் ஒன்பது: வயது, உடல் ஊனம், பால் மாற்றம், திருமண உறவு, கருவுறுதலும் மகப்பேறும், இனம், சமய நம்பிக்கை, பால், பாலீர்ப்பு. (திருமண உறவைப் பொறுத்தமட்டில் கடமை குறுகலானது.) வறுமை இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? சமூகப் பொருளாதார ஏற்றத்தாழ்வையும் கருத வேண்டும் என்று அதே சட்டத்தின் முதற் பிரிவு சொல்கிறது. ஸ்காட்லாந்து 2018இலும் வேல்ஸ் 2021இலும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இங்கிலாந்தில் அந்தப் பிரிவு சட்டப் புத்தகத்திலேயே தூங்குகிறது. ஆகார் டவுன்காரர்களுக்கு இன்றைய பட்டியலில் இடம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

இரண்டு வகைப் பாதிப்பு

இனி முறைக்கு வருவோம். மதிப்பீட்டாளர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கிறார்கள்.

முதலாவது, அளவு மீறிய பாதிப்பு. நாட்டில் அல்லது நகரத்தில் ஒரு பிரிவினர் எவ்வளவு பங்கு இருக்கிறார்களோ, அதைவிடப் பெரிய பங்கு பாதிக்கப்படுவோரில் இருக்கிறதா? இது எண்ணிக் காணக்கூடியது.

இரண்டாவது, வேறுபட்ட பாதிப்பு. ஒரே நிகழ்ச்சி எல்லாரையும் தொட்டாலும் சிலரை வேறுவிதமாகத் தாக்குகிறதா? நடைபாதை ஒன்றை மூடிவிட்டு 200 மீட்டர் சுற்றிப் போகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூன்று நிமிடம். ஊன்றுகோல் பிடித்து நடக்கும் முதியவருக்கு அன்றைய வெளியே போதலே நின்றுபோகலாம். கண் தெரியாதவர் பல ஆண்டுகளாக மனத்தில் வரைந்து வைத்திருந்த தெரு வரைபடம் ஒரே நாளில் பொய்யாகிறது. இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குபவருக்குப் ‘பகலில் மட்டும் துளையிடுவோம்’ என்ற சலுகை சலுகையே அன்று. இதை எண்ணி முடிக்க முடியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

முதல் வகை எளிது என்று தோன்றும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீண்ட பாதை ஒன்றுக்காக மொத்தம் 2,000 வீடுகள் இடிபடுகின்றன. அவற்றில் 400 சிறுபான்மை இனத்தவருடையவை, அதாவது 20 விழுக்காடு. நாட்டு மக்கள் தொகையிலும் அவர்கள் பங்கு 20 விழுக்காடு. ‘விகிதம் சரியாக இருக்கிறது, அளவு மீறிய பாதிப்பு இல்லை’ என்று எழுதிவிடலாம். இப்போது பாதையைத் துண்டு துண்டாகப் பாருங்கள். நகரத்துக் குடியிருப்பு ஒன்றில் மட்டும் 300 வீடுகள் இடிபடுகின்றன. அவற்றில் 240 சிறுபான்மையினருடையவை. அது 80 விழுக்காடு! மீதி 1,700 வீடுகள் வழிநெடுகச் சிதறியவை. அவற்றில் சிறுபான்மையினருடையவை 160, பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டையும் கலந்த சராசரி உண்மையை விழுங்கிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அந்த 80 விழுக்காட்டை நாட்டுச் சராசரியோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு. அந்த நகரில் சிறுபான்மையினர் 40 விழுக்காடு என்றால் இரண்டு மடங்கு. அந்த வட்டாரத்திலேயே அவர்கள் 75 விழுக்காடு என்றால் வேறுபாடே இல்லை போலத் தெரியும். எதோடு ஒப்பிடுவது என்று தீர்மானிப்பவர் விடையையும் பாதி தீர்மானித்துவிடுகிறார். அறிக்கை ஒன்று உங்கள் கைக்கு வந்தால் முதலில் இதைத் தேடிப் பாருங்கள்.

புள்ளிவிவரம் கிடைக்காத தன்மைகளும் உண்டு. இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாலீர்ப்பு பற்றிய கேள்வி முதன்முதலாக 2021இல்தான் இடம்பெற்றது. அதற்கு முன் எழுதப்பட்ட அறிக்கைகளில் அந்தப் பகுதி காலியாகவே இருக்க நேர்ந்ததில் வியப்பில்லை. எண் இல்லாத இடத்தில் பாதிப்பும் இல்லை என்று நினைத்துவிடுவது எளிது.

மறுபடியும் யூஸ்டன்

‘ஹை ஸ்பீடு டூ’ என்பது இலண்டனையும் பர்மிங்ஹாமையும் இணைக்க வகுக்கப்பட்ட அதிவேக இரயில் திட்டம். நீளம் ஏறத்தாழ 225 கிலோ மீட்டர். வேகம் மணிக்கு 360 கிலோ மீட்டர் வரை. அங்கிருந்து மேலும் வடக்கே மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் கொண்டுபோவதாகத்தான் முதலில் திட்டம். முதற் கட்டத்துக்கான சமத்துவத் தாக்க மதிப்பீடு 2013இல் வெளியிடப்பட்டது. நாடாளுமன்ற ஒப்புதல் 2017 பிப்ரவரியில் கிடைத்தது.

யூஸ்டன் நிலையத்தை மேற்குப் பக்கம் விரிவாக்க வேண்டியிருந்தது. மேற்குப் பக்கத்தில் ரீஜென்ட்ஸ் பார்க் எஸ்டேட் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நகராட்சி கட்டிய வாடகைக் குடியிருப்பு அது. வங்காளதேசத்துச் சில்ஹெட் வட்டாரத்திலிருந்து வந்தவர்கள் அங்கு நிறைய வாழ்கிறார்கள். எஸ்க்டேல், ஐன்ஸ்டேல், சில்வர்டேல் என்ற மூன்று அடுக்கு மாடிக் கட்டடங்கள் இடிபட வேண்டிய வரிசையில் நின்றன.

மதிப்பீடு எந்த வகையில் பயன்பட்டது என்று கேட்டால், இங்கேதான் நல்ல விடை கிடைக்கிறது. பெரிய குடும்பங்கள் நெருங்கி வாழும் இடம். பள்ளி, தொழுகை இடம், பழகிய கடை, தாய்மொழி பேசும் அண்டை வீட்டார் எல்லாம் நடந்து போகும் தொலைவில். அவர்களை இலண்டனின் ஏதோ ஒரு மூலைக்கு அனுப்பினால் வீடு கிடைக்கும், வாழ்க்கை கிடைக்காது. ஆகவே மாற்று வீடுகளைக் காம்டன் நகராட்சி அதே எஸ்டேட்டுக்குள் கட்டியது. ஆகார் டவுன் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

ஆனால் அந்த மாற்று வீடுகளுக்கு இடம் எங்கிருந்து வந்தது? எஸ்டேட்டின் உள்ளே இருந்த சில திறந்தவெளிகளும் கார் நிறுத்துமிடமும் வீடுகளாயின. பக்கத்திலிருந்த செயின்ட் ஜேம்ஸ் தோட்டம் 2017இல் மூடப்பட்டது. அது ஒரு பழைய இடுகாடு, 1887இல் பூங்காவாக்கப்பட்டது. பாதை வேலைக்காக அங்கிருந்து பல்லாயிரக்கணக்கானோருடைய எலும்புகளைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்தார்கள். ஆஸ்திரேலியாவைச் சுற்றிக் கப்பலோட்டி வரைபடம் வரைந்த மாத்யூ ஃபிளிண்டர்ஸின் சவப்பெட்டி 2019 ஜனவரியில் அங்குதான் கிடைத்தது. பத்திரிகைகள் அதைப் பற்றி நிறைய எழுதின. தோட்டம் இல்லாத மாடி வீட்டுப் பிள்ளைகள் ஓடியாடிய புல்வெளி போனது பற்றிக் குறைவாகவே எழுதின. ஒரு பாதிப்பைத் தணிக்க எடுத்த நடவடிக்கை இன்னொரு பாதிப்பாக மாறுவதை இத்துறையில் அடிக்கடி காணலாம். இரண்டையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும். தனித்தனிப் பத்தியில் எழுதினால் இரண்டும் சிறியவையாகவே தெரியும்.

நிலையத்தின் அருகே டிரம்மண்ட் தெரு இருக்கிறது. இலண்டன் போய்வந்த நம்மவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தோசை, பேல் பூரி, மிட்டாய்க் கடை, மளிகை என்று இந்தியச் சாப்பாட்டுக்குப் பேர்போன தெரு. பாட்டக்ஸ் என்ற பெயரில் ஊறுகாயும் மசாலாவும் விற்றுப் பேர்பெற்ற குடும்பம் முதலில் கடை வைத்ததும் இங்கேதான். தெருவின் கடைகளுக்கு உயிர்நாடி நிலையத்திலிருந்து நடந்து வரும் கூட்டம். வேலிகளும் மூடிய பாதைகளும் வந்ததும் அந்தக் கூட்டம் மெலிந்தது. இங்கிலாந்தின் இழப்பீட்டு முறைப்படி பொதுவாக நிலம் எடுக்கப்பட்டவருக்குத்தான் பணம். நிலத்தை யாரும் தொடவில்லை, வாடிக்கையாளர் மட்டும் வருவதில்லை என்றால் கடைக்காரர் கை நீட்ட இடம் குறைவு. பேரேட்டில் வீடு ஏறிவிடுகிறது. பிழைப்பு எளிதில் ஏறுவதில்லை.

நம் நாட்டிலும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. ஆனால் 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டத்தின்படி நிலம் எடுத்தால் அந்த மதிப்பீடு பொருந்தாது. இழப்பீடும் மறுவாழ்வும் மட்டுமே பொருந்தும்.

குரல் கொடுப்பவர் யார்?

பிரிட்டனில் இத்தகைய திட்டம் தனி வகை மசோதாவாக நாடாளுமன்றத்துக்கு வரும். நேரடியாகப் பாதிக்கப்படுபவர் 20 பவுண்டு கட்டி மனுக் கொடுத்து, உறுப்பினர் குழுவின் முன்னால் தாமே போய்ப் பேசலாம். முதற் கட்டத்துக்கு எதிராக மக்களவைக் குழுவுக்கு 1,900க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. 2014 ஜூலையில் தொடங்கிய விசாரணை 2016 பிப்ரவரி வரை நடந்தது. நல்ல ஏற்பாடு என்றே நானும் எண்ணுகிறேன். ஆயினும் விடியற்காலை நான்கு மணிக்கு அலுவலகங்களைத் துடைக்கப் போகிற, ஆங்கிலம் சரளமாக வராத ஒருவர் எத்தனை மனு எழுதுவார்? சில்டர்ன் மலைப்பகுதியின் அழகிய கிராமங்களில் ஓய்வுபெற்ற வழக்கறிஞர்களும் பொறியாளர்களும் இருந்தார்கள். மனு எழுதும் ஆற்றலும் சமமாகப் பங்கிடப்பட்ட பொருளன்று. ஆகையால் மொழிபெயர்ப்பாளரோடு வீடு வீடாகப் போவது, பெண்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வைப்பது போன்ற காரியங்கள் மதிப்பீட்டின் அலங்காரம் அல்ல. அவைதாம் அதன் அளவுகோல்.

ஒரு சாண் உயரம்

பாதிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பயனையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். இரயில் பெட்டிக்கும் நடைமேடைக்கும் இடையிலுள்ள படியை எண்ணிப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தப் படிதான் மூடிய கதவு. ஊழியர் ஒருவர் சாய்தளப் பலகை கொண்டுவந்து போட்டால்தான் ஏறலாம். அவர் வர மறந்தால் இறங்க வேண்டிய ஊர் தாண்டிப் போகும்.

பிரிட்டனின் வழக்கமான நடைமேடை, தண்டவாளத்தின் மேல் விளிம்பிலிருந்து 915 மில்லி மீட்டர் உயரம். பெட்டியின் தளம் அதைவிட உயரம். புதிய பாதையின் நிலையங்களுக்கு 1,115 மில்லி மீட்டர் என்று முடிவு செய்தார்கள். பெட்டியின் தளமும் மேடையும் ஒரே மட்டம். யார் துணையுமின்றி நாற்காலியை உருட்டிக்கொண்டு ஏறலாம். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கும், மூட்டு வலிக்காரருக்கும் இதே நன்மை. எல்லாரும் சட்டென்று ஏறி இறங்குவதால் வண்டி நிற்கும் நேரமும் குறைகிறது. ஊனமுற்றவருக்காகச் செய்தது அனைவருக்கும் உதவும் என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது.

ஆனால் அதே வண்டிகள் புதிய பாதை முடிந்ததும் பழைய பாதையில் ஏறி வடக்கே போகும். அங்கே மேடை 915 மில்லி மீட்டர்தான். கழித்துப் பாருங்கள்: 200 மில்லி மீட்டர், ஏறத்தாழ ஒரு சாண். இலண்டனில் தன்னந்தனியாக ஏறியவர் இறங்குமிடத்தில் மீண்டும் பலகைக்குக் காத்திருக்க வேண்டும். 2021 நவம்பரில் லீட்ஸ் கிளையும், 2023 அக்டோபரில் பர்மிங்ஹாமுக்கு வடக்கேயுள்ள பகுதி முழுவதும் கைவிடப்பட்டபோது, பத்திரிகைகள் செலவையும் வேகத்தையும் பேசின. படியில்லாமல் இறங்கக்கூடிய நிலையங்களின் பட்டியலும் அன்று சுருங்கிப்போயிற்று.

கடமை எவ்வளவு தூரம்?

சட்டம் கேட்பது ‘உரிய கவனம்’. நல்ல விளைவு வந்தே தீர வேண்டும் என்று அது கேட்கவில்லை. 2008இல் பிரவுன் என்பவர் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் சில நெறிகளை வகுத்தது. முடிவெடுப்பவர் தம் கடமையை அறிந்திருக்க வேண்டும். முடிவெடுக்குமுன் யோசித்திருக்க வேண்டும். பெட்டியில் குறி போடுவது போலன்றித் திறந்த மனத்தோடு செய்திருக்க வேண்டும். அந்தக் கடமையைப் பிறர் தலையில் கட்டக்கூடாது. அது தொடர்ந்து இருக்கும் கடமை. இத்தனையும் செய்துவிட்டு, ‘தெரிந்தே இடிக்கிறேன்’ என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. பல்லில்லாத சட்டம் என்று இதனைக் குறைகூறுபவர்கள் உண்டு. எனக்கு முழுவதும் அப்படித் தோன்றவில்லை. தெரியாமல் இடித்தவரிடம் கேள்வி கேட்க முடியாது. தெரிந்தே இடித்தவரிடம் ஆவணத்தை நீட்டிக் கேட்கலாம்.

அந்த நெறிகளில் கடைசியாகச் சொன்ன ‘தொடர்ந்து இருக்கும் கடமை’ என்பதுதான் யூஸ்டனில் கடினமாகச் சோதிக்கப்பட்டது. 2013 மதிப்பீடு, வேலை ஒரு குறிப்பிட்ட காலத்தில் நடந்து முடியும் என்று எண்ணி எழுதப்பட்டது. கட்டடங்கள் இடிந்தன, தோட்டம் போயிற்று, தெருக்கள் அடைபட்டன. 2023 மார்ச்சில், செலவு கட்டுமீறிப் போனதால், யூஸ்டன் நிலைய வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் தனியார் பணம் கிடைத்தால்தான் நிலையம் என்றார்கள். 2024 அக்டோபரில்தான் யூஸ்டன் வரை சுரங்கம் தோண்ட அரசுப் பணம் உறுதியாயிற்று. 2025 ஜூனில், பாதையை 2033க்குள் திறக்க இயலாது என்று போக்குவரத்து அமைச்சர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். தொடக்கத்தில் வண்டிகள் யூஸ்டனுக்கு வராமல், மேற்கே ஓல்டு ஓக் காமன் நிலையத்திலேயே நின்றுவிடும்.

மதிப்பீட்டு அட்டவணைகளில் பாதிப்புக்குத் ‘தற்காலிகம்’, ‘நிரந்தரம்’ என்று இரண்டு பெயர்கள் உண்டு. கட்டுமானக் காலத்து இடையூறுகள் தற்காலிகம் என்ற கட்டத்தில் விழும். செயின்ட் ஜேம்ஸ் தோட்டம் மூடப்பட்ட 2017இல் அந்த எஸ்டேட்டில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 2033இல் அதற்கு வயது இருபத்தொன்று.